பவளத்துக்குக் குறி சுட்ட ஞாயிறு

பிள்ளை,

இதைத் தொலைபேசியில் சொல்லத்தான் பார்த்தேன். நாலு தரம் எடுத்தேன். நாலு தரமும் நான் ஒரு வசனம் முடிக்க முதல் நீ "ஓம் அம்மா" என்றாய். சாப்பிட்டாயா என்றால் ஓம் அம்மா. வவுனியாவில் மழையா என்றால் ஓம் அம்மா. கூறைச் சேலை அரக்கு நிறத்தில் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கும் அதே ஓம் அம்மா. அரக்கு நிறம் உனக்குக் கண்ணில் காட்டக் கூடாது என்பது பெற்ற எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடுதாசி எழுதுகிறேன். முழுக்க வாசித்து முடிக்கும்வரை நீ எனக்கு ஒன்றும் சொல்ல ஏலாது.

நயினாதீவுக்காரரின் பெடியன், கனடாவில் இருக்கிறவர், அவரோடு உனக்குத் தை மாதம் கலியாணம் என்று எங்கள் நாரந்தனை முழுக்கத் தெரியும். சந்தைக்குப் போனால் வாழ்த்துகிறார்கள், கோயிலுக்குப் போனால் வாழ்த்துகிறார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆனால் மூன்று கிழமையாக எனக்கு நித்திரை இல்லை. இந்தக் கலியாணத்துக்கு நீ சொன்ன சம்மதம் உன்னுடைய சம்மதமா, எனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. அதை அறியாமல் உன்னை விமானம் ஏற்றிவிட்டால் நான் மிச்சக் காலத்தை என்னென்று கழிப்பது? அதைப் பற்றிக் கதைக்க முதல் பவளத்தைப் பற்றிக் கதைக்கவேண்டும். எட்டு வருடமாக நீயும் நானும் வாய் திறக்காத கதை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே மாட்டில் பால் கறந்துகொண்டு, அதைப் பற்றி மட்டும் கதைக்காமல் இருந்திருக்கிறோம். நாங்கள் இரண்டு பேரும் கெட்டிக்காரிகள்தான்.

உனக்கு அப்போது பதினாறு. உன் அப்பா கண்ணை மூடி மூன்றாம் வருடம். கால்நடை வைத்தியர் ஊசி போட்டுச் சினைப்பட்ட எங்கள் கறுப்பிப் பசு, சிவப்பு நிறத்தில் ஒரு நாகு கன்று, பெட்டைக் கன்று, போட்டது. நான் பால் எவ்வளவு வரும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நீ அதன் முதுகைத் தடவி, பவளம் என்று பெயரும் வைத்துவிட்டு, "அம்மா, இதைக் கன்றுக் கண்காட்சிக்குக் கொண்டுபோகப் போறன்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. கண்காட்சிக்கு வருகிற கன்றுகள் யாழ்ப்பாணத்துப் பக்கத்துத் தோட்டக்காரரின் கன்றுகள், வேளைக்கு வேளை பச்சைப்புல்லும் நல்ல தண்ணீரும் கண்டவை. எங்கள் தீவில் என்ன இருக்கிறது? ஆனியில் புல் கருகிவிடும். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க ஏலாது, உப்பு. "விசர்க்கதை கதையாமல் போய்ப் படி" என்று சொன்னேன். நீ படிக்கவும் செய்தாய், கன்றையும் வளர்த்தாய்.

நீ அதை வளர்த்த விதத்தை நான் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீருடையைக் கழற்றி மாற்றிவிட்டு, சைக்கிளில் இரண்டு கலனைக் கட்டிக்கொண்டு நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போவாய். எங்களுக்குக் குடிக்க ஒரு கலன், பவளத்துக்கு ஒரு கலன். கோடை முற்றியதும் இரண்டும் பவளத்துக்குத்தான் போயின, உன் அம்மா பவுசர் வண்டியில் வருகிற தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருந்தாள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். பூவரசங்குழை ஒடித்தாய். பனையோலையை நறுக்கித் தவிட்டோடு பிசைந்து வைத்தாய். கிழமைக்கு ஒருதரம் நூலால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்த நூலில் முடிச்சுப் போட்டு, அலுமாரிக் கதவில் தொங்கவிட்டாய். காலையில் கன்றைத் தெருவுக்குக் கொண்டுபோய் ஊர்காவற்றுறை பஸ் போகிற நேரத்தில் பக்கத்தில் நிற்பாய், சத்தத்துக்குப் பழகவேண்டுமாம். அம்மன் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிச் சத்தத்தை என்னுடைய போனில் பிடித்துக்கொண்டு வந்து, மாட்டுக் கொட்டிலில் போட்டுவிட்டாய். வாயில் குழையோடு பவளம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். மச்சாளிடம் போய், "என்ர பெட்டை மாட்டுக்கு மேளக்கச்சேரி வைக்கிறாள்" என்று சொன்னேன். பகிடிக்குச் சொன்னேனே தவிர உள்ளுக்குள் எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. இந்தப் பொறுமை இவளுக்கு எங்கிருந்து வந்தது? எனக்கு இல்லை. உன் அப்பாவுக்கும் இருந்ததில்லை, அவர் சோறு ஆறும்வரைகூட இருக்கமாட்டார்.

பத்து மாதம் ஆனபோது பவளம் பார்க்கிறவர்களை நிற்கவைத்துவிட்டாள். தெருவால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "இது எந்த ஊர் மாடு?" என்று கேட்பார்கள். உனக்கு உச்சி குளிரும். எனக்கோ பயம் பிடிக்கும். காரணம் உனக்குத் தெரியும். அதற்கு முதல் வருடம்தான் எங்கள் இரண்டு பசுக்கள் மேயப்போன இடத்தில் களவுபோயின. தெருவோரப் பற்றைக்குள் தோலும் தலையும்தான் கிடந்தன. முறைப்பாடு எழுதப் போன இடத்தில் மாட்டில் என்ன அடையாளம் என்று கேட்டார்கள். நான் குறி சுடாமல் விட்டிருந்தேன். உன் அப்பா இருந்தவரை அவர் செய்த வேலை, அவருக்குப் பிறகு நான் செய்யவில்லை. அடையாளம் சொல்ல முடியாமல் அங்கே நான் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. தீவில் மாடுகள் அவிழ்த்துவிட்டு மேய்கிறவை. தொடையில் வீட்டுக் குறி இல்லாத மாடு எவனுடைய மாடும் ஆகலாம்.

அதனால் பவளத்துக்குக் குறி சுடவேண்டும் என்றேன். நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. "காதில இலக்கம் குத்தியிருக்குத்தானே அம்மா" என்றாய். "காதை அறுத்துப்போட்டால் இலக்கம் எங்க?" என்று கேட்டேன். நீ யோசித்தாய். பிறகு, "கண்காட்சி முடியட்டும். இன்னும் ரெண்டு கிழமைதானே. முடிஞ்ச உடனே சுடுவம், நானே பிடிக்கிறன். இப்ப சுட்டால் புண்ணாகும், ஆளைக் கண்டால் வெருளும்" என்றாய். எவ்வளவு நியாயமான கதை. நானும் சரி என்று தலையாட்டினேன். ஆனால் மனம் கேட்கவில்லை. கண்காட்சியில் ஆயிரம் கண் பார்க்கும், பார்க்கிற ஆயிரத்தில் ஒருவன் கள்வனாக இருந்தால் போதும் என்று எனக்குள் ஒரு பேய் புகுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ ரியூசனுக்குப் போன நேரம் பார்த்து, குறி சுடுகிற பொன்னண்ணைக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து தேங்காய்ப் பொச்சு மட்டையில் நெருப்பு மூட்டிக் கம்பியைக் காய்ச்சினார். "ஆர் கண்டுக்குட்டியைப் பிடிக்கிறது?" என்று கேட்டார். வழக்கமாக இரண்டு ஆம்பிளைகள் காலைக் கட்டி விழுத்துவார்கள். அன்று ஒருவரும் இல்லை. பவளத்தை விழுத்தினால் கால் முறிந்துவிடும் என்று எனக்குப் பயம். "விழுத்த வேண்டாம், நான் பிடிக்கிறன்" என்று சொல்லிவிட்டு, ஒரு கை நிறையத் தவிட்டை அள்ளி நீட்டினேன். நீ கையால் ஊட்டித் தீத்துகிற மாதிரியே நீட்டினேன். அது ஓடி வந்து என் உள்ளங்கையில் வாயை வைத்தது. அதன் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது. நான் மற்றக் கையால் அதன் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு பொன்னண்ணைக்குக் கண்ணைக் காட்டினேன். அதுதான் நான் செய்தது, பிள்ளை. குறி சுட்டது பிழை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். எங்கள் தீவில் எல்லோரும் சுடுகிறார்கள். தவிடு நீட்டிப் பிடித்தேனே, அதுதான் பிழை.

நீ வந்தபோது முற்றம் முழுக்க மயிர் கருகிய மணம். நீ சைக்கிளை விழ விட்டுவிட்டுக் கொட்டிலுக்குள் ஓடினாய். நீ கத்துவாய், சட்டி பானையை உடைப்பாய் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்தானே. நீ கொட்டிலை ஒருதரம் பார்த்தாய். நிலத்தில் சிந்திக் கிடந்த தவிட்டைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, உங்கட கையிலயே திண்டது?" என்று மட்டும் கேட்டாய். நான் தவிடு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்தேன். நீ குசினிக்குள் போய் வேப்பெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் உன் வாயிலிருந்து எனக்கு வந்தது தேவையான சொற்கள் மட்டும்தான்.

அந்தப் பன்னிரண்டு நாளில் நீ செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாக உன்னிடம் ஒரு பயமும் மரியாதையும் வந்தது. பவளம் அதற்குப் பிறகு விரித்த கையைக் கண்டாலே பின்னுக்குப் போகும். என்னுடைய கை என்றில்லை, உன்னுடைய கையும்தான். பத்து மாதமாக உன் கையில் தின்ற கன்று, நீ தவிட்டை நீட்டியதும் திமிறிக்கொண்டு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டு நின்றது. நீ அழுவதை நான் வேலி ஓரம் நின்று பார்த்தேன். அடுத்த நாள் நீ கையை நீட்டவில்லை. வாளியில் தவிட்டை வைத்துவிட்டு, பக்கத்தில் நிலத்தில் குந்தி, பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டு இருந்தாய். வரலாறு வாசித்தாய், விஞ்ஞானம் வாசித்தாய். புண்ணில் இலையான் மொய்க்காமல் வேப்பங்குழையால் விசிறினாய். நாலாம் நாள் பவளம் தலையை உன் தோளில் வைத்தது. ஆறாம் நாள் கயிற்றோடு தெருவுக்கு வந்தது. நான் கிட்டப் போனால் மட்டும் காலைத் தூக்கும். சரி, எனக்கு அது வேண்டியதுதான்.

கண்காட்சி அன்றைக்கு லான்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றினால் ஆம்பிளைகள் பிடித்துத் தூக்கவேண்டும், வெருளும் என்று நீ விடியவே அதை நடத்திக்கொண்டு புறப்பட்டாய். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னால் வந்தேன். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பதினொரு கன்றுகள். பெடியளும் பெட்டையளும் ஆளுக்கொரு கையில் தவிடோ முருங்கைக் குழையோ வைத்துக் கன்றை ஆசை காட்டி நடத்தினார்கள். உன் கை மட்டும் வெறுங்கை. நீ கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு அதன் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டு நடந்தாய். ஒலிபெருக்கி கத்தியது, மற்றக் கன்றுகள் துள்ளின, பவளம் அசையவில்லை. கொட்டிலில் நீ போட்ட கச்சேரி வீண்போகவில்லை.

பிறகு நடுவர் வந்தார். நல்ல உயரமான வைத்தியர், கையில் அட்டை. அவர் மற்றக் கன்றுகளைப் பார்த்த மாதிரியே பின்பக்கத்தால் வந்து இடது தொடையில் கை வைக்கப் போனார். பவளம் ஒரு துள்ளு. கயிறு உன் கையை அறுத்துக்கொண்டு ஓடியது. சனம் சிரித்தது. "பிள்ளை, கண்டு உன்னையெல்லோ மேய்க்கக் கொண்டுபோகுது!" என்று ஒருவர் கத்தினார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. எல்லாம் என்னால் வந்த வினை. நீ ஓடிப்போய்க் கயிற்றை எடுத்தாய். இழுக்கவில்லை. பவளத்தின் இடதுபக்கம் போய், புண்ணுக்கும் நடுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு சொன்னாய்: "சேர், பின்னால வராதேங்கோ. முன்னுக்கு வாங்கோ. கையை விரிக்காதேங்கோ, மூடிப் பிடியுங்கோ. கொஞ்சம் குந்துங்கோ."

பதினாறு வயதுப் பெட்டை, அறுநூறு எழுநூறு சனத்துக்கு முன்னால், அவ்வளவு பெரிய மனிசனைப் பார்த்து நிலத்தில் குந்து என்று சொல்கிறாள். சனத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் உன்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு காற்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு குந்தினார், கையைப் பொத்தி நீட்டினார். பவளம் கழுத்தை நீட்டி அந்தக் கையை மணந்து பார்த்தது. மணந்துவிட்டு நக்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், பிள்ளை. இவள் என் வயிற்றில் பிறந்தவள்தானா என்று ஒரு நிமிசம் எனக்கு நம்ப முடியவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் இந்தக் கடுதாசி எழுதியிருக்க மாட்டேன். நடுவர் எழும்பித் தொடையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. அறிவிப்பாளர் பக்கத்தில் ஒலிவாங்கியோடு நின்றதால் நீங்கள் இரண்டு பேரும் கதைத்தது எல்லாருக்கும் கேட்டது. "இவ்வளவு வடிவான கண்டை இப்பிடிச் சுட்டு வைச்சிருக்கிறது ஆர்? நோகுமெண்டு தெரியாதோ?" என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னைக் காட்டிக்கொடு, எனக்கு வேணும் என்று நினைத்தேன். நீ சொன்னாய், "தெரியும் சேர். முதல் எங்கட ரெண்டு மாடு களவு போனது. அந்தப் பயத்தில சுட்டது." பிறகு பவளத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "பிடிச்சுக்கொண்டு நிண்டவ அண்டைக்கு முழுக்கச் சாப்பிடேல்லை சேர்" என்றாய்.

நான் சாப்பிடவில்லை என்பது உண்மை. சோற்றைக் கோழிக்குக் கொட்டினேன். அதை ஒருவரும் காணவில்லை என்றுதான் நினைத்தேன். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பவளத்தோடு இருந்த நாள் அது. அந்தக் கோபத்துக்குள்ளும் உன் ஒரு கண் என்னுடைய சோற்றுக் கோப்பையில் இருந்திருக்கிறது. மைதான ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் விக்கி விக்கி அழுதேன். பக்கத்தில் நின்ற மனிசி, "என்ன அக்கா, உங்கட கண்டோ?" என்று கேட்டா. "ஓம், என்ர பிள்ளையின்ர" என்றேன். உனக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. தோல் பழுதில்லாமல் இருந்திருந்தால் முதலாம் இடம் என்று நடுவரே உன்னிடம் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். நீ அதை வீட்டில் சொல்லவில்லை. திரும்பி வருகிற வழியில், பரிசாகக் கிடைத்த வாளியை என் சைக்கிளில் கொழுவிவிட்டு, "பசிக்குது அம்மா" என்றாய். அவ்வளவுதான். அன்றோடு அந்தக் கதை மூடப்பட்டது. மன்னிப்புக் கேட்கிற கடமையிலிருந்து நீ என்னைத் தப்பவிட்டுவிட்டாய். நானும் நல்லதாய்ப் போயிற்று என்று தப்பிவிட்டேன்.

பவளம் இப்போது நாலு கன்று போட்டுவிட்டாள். பால் கறக்க விடுவாள், தடவ விடுவாள். இன்றைக்கும் என் கையில் தின்னமாட்டாள்.

இனி மூன்று கிழமைக்கு முந்திய கதை. "எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது, உடனே வா" என்று நான் உனக்குப் போன் எடுத்தேன். நீ வவுனியாவில் கால்நடை அலுவலக வேலையைப் போட்டுவிட்டு, மாடு பார்க்கப் போன சப்பாத்தோடேயே பஸ் ஏறி வந்தாய். வந்து பார்த்தால் நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நிற்கிறேன். கதிரைகளில் நயினாதீவு ஆட்கள், பெடியனின் பெரியம்மாவும் பெரியப்பாவும். நீ வாசலில் நின்று அவர்களைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். பைகளை இறக்கி வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாய். அவர்கள் போன பிறகு, "நல்ல இடம் பிள்ளை, நான் சம்மதம் சொல்லிப்போட்டன்" என்றேன். நீ சரி என்றாய். உன் முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. அந்தப் பார்வையை எங்கே கண்டேன், எங்கே கண்டேன் என்று மூன்று நாள் யோசித்தேன். மாட்டுக்குத் தவிடு பிசைகிறபோது கை அப்படியே நின்றுவிட்டது. எட்டு வருடத்துக்குப் பிறகும் நான் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன், இந்த முறை என் பிள்ளைக்கு.

நான் ஏன் செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பயம்தான். தனியாக இருக்கிறாய், மோட்டார் சைக்கிளில் காடு கரம்பை எல்லாம் மாடு பார்க்கப் போகிறாய், நான் செத்துப்போனால் உனக்கு ஆர் என்ற பயம். பெடியனில் ஒரு பிழையும் இல்லை, விசாரித்தேன், நல்ல பிள்ளை. ஆனால் அங்கே போய் நீ என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. போன வருடம் நீ நடத்திய கன்றுக் கண்காட்சிக்கு வந்து பார்த்தேனே, மழைக்கோட்டோடு சேற்றில் நின்று, வயிறு ஊதிய கன்றுக்கு நீ மருந்து பருக்கியதையும், அது எழும்பி நின்றபோது அதை வளர்த்த சின்னப் பெட்டை உன் காலைக் கட்டிக்கொண்டதையும். அதைப் பார்த்துவிட்டு வந்தும் உன்னைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நேற்று விடிய முதல் பஸ்ஸில் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போனேன். நயினாதீவுப் படகில் கோயிலுக்குப் போகிற சனம் நெரிந்தது. நான் அம்மனிடம் போக முதல் அந்தப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். "அக்கா, ஒரு பிழை நடந்துபோச்சு. நான் பிள்ளையைக் கேக்காமல் வாக்குக் குடுத்திட்டன்" என்றேன். மனிசிக்கு முகம் கறுத்தது. "கேக்காமலோ எங்களுக்குத் தேத்தண்ணி தந்தனீங்கள்?" என்று கேட்டா. "ஓம் அக்கா, கேக்காமல்தான்" என்றேன். "பெடியன் ரிக்கெற் போட்டிட்டான், ஆக்களுக்குச் சொல்லியாச்சு. இப்ப நாங்கள் அவனுக்கு என்ன சொல்லுறது?" என்றா. "தாய்க்காரி விசரி எண்டு சொல்லுங்கோ. பெட்டையில ஒரு பிழையுமில்லை" என்று சொன்னேன். நியாயமான கோபம்தான், நல்லாகப் பேசினா, நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் திருப்பி ஒன்றும் சொல்லாமல் நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். கடைசியில், "முடிவு எப்ப சொல்லுவியள்?" என்று கேட்டா. "அவள் சொல்லேக்கை சொல்லுறன்" என்று சொல்லிவிட்டுப் படகேறி வந்துவிட்டேன்.

நீ இந்தப் பெடியனைக் கட்டினால் நான் சந்தோசமாகச் செய்து வைப்பேன். கட்டாவிட்டால் ஊர் கதைக்கும், கதைக்கட்டும், பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. எனக்கு நெஞ்சுக்குள் ஒன்றுமில்லை, கல்லுப் போல இருக்கிறேன், அதைப் பற்றி யோசிக்காதே. நான் சாப்பிட்டேனா என்றும் பார்க்காதே. உன்னைப் பெற்று இருபத்துநாலு வருடம். இந்த இருபத்துநாலு வருடத்தில் உன்னிடம் ஒருதரமும் கேட்காததை இப்போது கேட்கிறேன்.

உனக்கு என்ன வேணும், பிள்ளை?

அம்மா